சீர்த்தட்டில் வைத்த லேப்டாப்

குழந்தைகளை எடைபோடும் கொக்கித் தராசை நான் பையிலிருந்து எடுத்ததும், கடைக்காரப் பெண் ஓர் அடி பின்னால் போனாள்.

திருப்பதியில், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த பழைய லேப்டாப் கடை அது. உள்ளே சூடான பிளாஸ்டிக் வாசனை. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க மூடிக் கிடக்கும் கறுப்புப் பெட்டிகள்.

ஒரு சின்ன லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினேன். முள் ஆடி நின்றது. ஒரு கிலோ இருநூறு கிராம்.

முப்பத்தொரு வருடம் கிராம நர்ஸாக இருந்தவள் நான். அந்த எடைக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிழைத்தாலும் பிழைக்கலாம்.

“எடை இன்னாத்துக்குமா? எல்லாரும் வெலதான் கேப்பாங்க” என்றாள் அந்தப் பெண். முதலில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவள், என் வீட்டுக்காரர் என்னிடம் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டதும் தமிழுக்கு மாறியிருந்தாள். ஆரணிப் பக்கத்துப் பெண்ணாம், இங்கே வாழ்க்கைப்பட்டவள்.

என் மகளுக்கு இடுப்புவலி, தூக்க லேசாக இருக்க வேண்டும் என்றேன். பொய். உண்மையான காரணத்தை அன்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை பிறர் வீடுகளைப் பற்றித்தான் எழுதிவந்தேன். இந்த வாரம் என் வீடு. நாட்குறிப்பில் தேதி, வருடம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை இங்கே தரப்போவதில்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அண்மையில் ஒரு பொங்கலுக்கு முன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடிப் பேச்சு

என் மகள் கோமதியைச் சித்தூரில் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் திருப்பதியில் ஒரு நிறுவனத்தில் மருத்துவக் குறியீட்டு வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. தாலி ஏறிய மாதமே அது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. அவ்வளவுதான்.

அவள் என்னிடம் பேசுவது மாடியில் துணி காயப்போடும்போது. ஈரத்துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்கும். “அப்றம் பேசறம்மா” என்று பாதியில் வைத்துவிடுவாள்.

எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் உள்ளே நிலவரம் எப்படி என்று மூச்சு விடுகிற விதத்திலேயே கண்டுபிடிப்பவள் நான் என்று எனக்கொரு கர்வம் உண்டு. சொந்த மகள் விஷயத்தில் ஐந்து மாதம் எடுத்தது.

ஒருநாள் நேராகவே கேட்டேன். அடிக்கிறாரா?

“இல்லம்மா.” பதில் மிக விரைவாக வந்தது. பிறகு கொஞ்ச நேரம் துணிச் சத்தம். பிறகு சொன்னாள்: “தட்டு செவுத்துலதான் பட்டுச்சு. எம்மேல படல.”

அன்று மதியம் நான் சோறு வடித்தேன், தாளித்தேன், பரிமாறினேன். எதிலும் உப்புப் போடவில்லை என்பதை என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்.

மாப்பிள்ளை பால் குளிரூட்டும் நிலையத்தில் மேற்பார்வையாளர். குடி கிடையாது. பெரியவர்களிடம் மரியாதை. எல்லாவற்றுக்கும் “அம்மாவ கேளு” என்பார். கோபம் வந்தால் மட்டும் அம்மாவைக் கேட்பதில்லை.

மார்கழி நடுவில் கோமதி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை மனப்பாடம் செய்தவள்போல் வேகமாகச் சொன்னாள். சென்னையில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வேலை, போனிலேயே விண்ணப்பித்திருக்கிறாள். பொங்கல் கழிந்து வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்டிலிருந்தே பரீட்சை. கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்; நடுவில் எழுந்தால் போச்சு.

“சொந்தமா லேப்டாப் இருக்கணுமாம்மா. சின்னதா இருந்தா போதும்.”

அவ்வளவுதான். போன் நின்றது.

ஒரு புளிப்பானை

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் இருக்கும். நகரிப் பக்கம் ஒரு கிராமம். தறிச் சத்தம் ஓயாத தெரு. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, மூன்று பிள்ளை பெற்றவள், நாலாவது வேண்டாம் என்று என்னிடம் கருத்தடை மாத்திரை கேட்டாள். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றாள். எங்கே வைப்பாய் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. புளிப்பானைக்குள் வை, யாரும் அடிவரை கைவிட மாட்டார்கள் என்று யோசனை சொன்னவள் நான்.

மாமியார் அடிவரை கைவிட்டாள்.

என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம் போனபோது அந்த வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. பிள்ளைகள் மூன்றும் வாசலில் இருந்தன. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக “ஊரில் இல்லை” என்று எழுதினேன். அதற்கடுத்த மாதமும் அதையே எழுதினேன். எங்கே போனாள் என்று கேட்கும் துணிவு எனக்கு அந்த வருடம் முழுக்க வரவில்லை. வந்தபோது, கேட்பதற்கு அந்தக் குடும்பம் அங்கே இல்லை.

எத்தனையோ தேதிகள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு மாத்திரை கொடுத்த தேதியை மட்டும் மறக்க முயன்றிருக்கிறேன்.

எட்டு ஜிபியும் எட்டாவது தலைமுறையும்

மறுபடியும் திருப்பதிக் கடை.

முதலில் பெரிய கடைகள் இரண்டில் பார்த்திருந்தோம். எங்கள் கைக்கு எட்டிய விலையில் புதிதாக ஒரு குட்டி லேப்டாப் இருந்தது. பதினோரு அங்குலம், வெள்ளிப் பூச்சு, நோட்டுப்புத்தகம் மாதிரி அழகு. நான் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். நிறுவனம் கேட்ட தகுதிகளை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். அவர்கள் கேட்டது எட்டு ஜிபி ரேம். அந்த அழகுப் பெட்டியில் நாலு. பின்னால் கூட்டவும் முடியாதாம், பலகையோடு ஒட்டி வருவதாம்.

“அதுல படம் பாக்கலாம்மா. பரீட்ச சாப்ட்வேர ஏத்தினீங்கன்னா நடுவுல மூச்சு வாங்கிக்கினு நிக்கும்” என்றாள் ஆரணிப் பெண்.

அவள் காட்டியது பெங்களூரு அலுவலகங்களில் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிட்ட சரக்கு. பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே. எட்டாவது தலைமுறை பிராசஸருக்குக் கீழே வாங்கினால் புது விண்டோஸ் ஏறாது, யார் மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள் என்று அவளே எச்சரித்தாள்.

எனக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. இது திருட்டுப் பொருளாக இருந்தால்? போலீஸ் சித்தூர் வீட்டு வாசலில் போய் நின்றால்? பரீட்சை நடுவில் திரை அணைந்துவிட்டால், அதற்கப்புறம் அவளுக்கு இன்னொரு திங்கட்கிழமை கிடைக்குமா?

பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன். பின்பக்கம் கைவைத்துச் சூடு பார்த்தேன். காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டேன். கீலை நூறு முறையாவது திறந்து மூடினேன். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தேன். ஒரு விசையின் மேல் எழுத்தே இல்லை. யாருடைய விரலோ தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. கேமராவில் என் முகம் வந்தது. நான் இவ்வளவு பயந்த முகத்தோடு இருக்கிறேன் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“எந்த ஊருக்குமா பொண்ணு?” என்று கேட்டாள் அவள், ரசீது எழுதிக்கொண்டே.

சித்தூர் என்றேன்.

அவள் தலை நிமிராமல், “சார்ஜரையும் சேத்து எட போட்டுப் பாத்துக்கோங்க. தூக்கினு கெளம்பணும்னா அதயும்தான தூக்கணும்” என்றாள்.

அதையும் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினேன். சார்ஜரோடு ஒன்றரைக் கிலோ இருந்தது. ஒரு மாற்றுப்புடவை, சான்றிதழ்கள், இது. ஒரே தோளில் தொங்கும். ஒரு கை காலியாக இருக்கும்.

திரும்பும்போது பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். வடமாலபேட்டை சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது ஒரு போலீஸ்காரர் ஏறி இரண்டு வரிசை பார்த்துவிட்டு இறங்கினார். புத்தூர் வரும்வரை என் உள்ளங்கை காயவில்லை.

ஒளித்துக் கொடுப்பதா, தட்டில் வைப்பதா

வாங்கியாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது?

புடவை மடிப்புக்குள் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். நினைத்தவுடனே புளிப்பானை ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். வாசலில் கரும்புக்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். “ஒளிச்சிக் குடுத்தா திருட்டுப் பொருளு. தட்டுல வெச்சா சீரு. சீர யாரு கேக்க முடியும்?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பொங்கல் சீர் என்பது நாலு பேர் பார்க்க, பெண்ணைக் கொடுத்த வீடு கொண்டுபோய் வைப்பது. அதை மறுப்பது வழக்கமில்லை. அந்த வெளிச்சத்தில் வைத்துவிட்டால் என் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் புறப்பட்டோம். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, கோமதிக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி. கார்வேட்டிநகரம் தாண்டும்வரை மஞ்சள் இலை என் முகத்தில் உரசிக்கொண்டே வந்தது.

சித்தூரில், தெருமுனையில் நின்று தட்டுகளை அடுக்கினேன். ஒரு தட்டில் வெற்றிலைபாக்கு பரப்பி, நடுவில் லேப்டாப்பை வைத்தேன். மூடியின்மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் இட்டேன். சீர் என்றால் சீராகவே இருக்கட்டும் என்று.

அதுதான் நான் செய்த தப்பு.

பீரோச் சாவி

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து வரவேற்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பார்க்க வந்திருந்தார்கள். கூடத்தில் பாயின்மேல் தட்டுகளை வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அரிசியும் வெல்லமும் சமையலறைக்குப் போயின. புடவையைக் கோமதியிடம் கொடுத்தார். வேட்டியை மகனிடம் கொடுத்தார்.

நாலாவது தட்டில் கை நின்றது.

“இது இன்னா சம்பந்தி?”

லேப்டாப் என்றேன். பெண்ணுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி, பரவாயில்லையே, சீரில் கம்ப்யூட்டரே வந்துவிட்டதே என்றாள். சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

அதை இரண்டு கையாலும் எடுத்தார். சாமிப் படத்தின் முன் வைத்தார். கற்பூரம் காட்டினார். பிறகு உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் பீரோவைத் திறந்து, நகைப்பெட்டிக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் சீர்த்தட்டில் வந்த விலைமிக்க பொருள் பீரோவுக்குத்தான் போகும். அது யாருக்கு என்ற கேள்வியே கிடையாது. வீட்டுக்கு வந்தது வீட்டுக்கு. முப்பத்தொரு வருடம் வீடுவீடாக ஏறி இறங்கியவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், ஒளிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

பரீட்சைக்கு இன்னும் ஐந்தே நாள்.

கோமதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“அத்த, அது எனக்கு வோணும்” என்றாள். “திங்கக்கெழம எனக்குப் பரீட்ச இருக்குது.”

“இன்னா பரீட்ச?”

“வேலைக்கி.”

“யாரக் கேட்ட?”

“யாரையும் கேக்கல.”

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். கையில் காபி டம்ளர் இருந்தது. என் வீட்டுக்காரரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்கள்.

அந்த டம்ளர் மெதுவாக, மிக மெதுவாக, தரைக்கு வந்தது. “துன்னுட்டுப் பேசலாம்” என்றார் மாப்பிள்ளை. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இலை போட்டார்கள். சாப்பிட்டோம். மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிளம்பும்போது கோமதியைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், இப்போதே எங்களோடு வந்துவிடுகிறாயா என்று கேட்டேன். நாளை பொங்கல். வாழ வந்த வீட்டில் பானை பொங்கும் நாளில் பெண்ணைக் கூட்டிப்போனால் என்ன பேசுவார்கள் என்று தெரிந்துதான் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. வரமாட்டேன் என்று தலையசைத்தாள்.

பேருந்து நிறுத்தம்

சீர் கொண்டுவந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. தேங்காய், வாழைப்பழம் வைத்து மூடி, சம்பந்தியம்மாவே தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை வந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார்.

பாதி வழியில் சம்பந்தியம்மா நின்றார்.

“எம்புள்ள கோவக்காரன். நான் இல்லன்னு சொல்லல.” சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவ எங்கள வுட்டுட்டுப் போயிடறதுக்குத்தான இத வாங்கினு வந்தீங்க?”

நூறு பதில்கள் இருந்தன. வீட்டுக்கு நாலு காசு வரும், மாப்பிள்ளைக்கும் ஒத்தாசை, காலம் மாறிவிட்டது. நர்ஸாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பதில்களால்தான் பல வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன்.

“ஆமாம்” என்றேன்.

அவர் தட்டின் மேல் துணியை இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. பேருந்து வந்தது. தட்டை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

சன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மகளை அந்த வீட்டில் விட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரியிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை

அதன்பிறகு கோமதியின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. அணைத்து வைத்திருந்தது. பொங்கல் அன்று, மாட்டுப்பொங்கல் அன்று, அதற்கடுத்த நாள். போய்ப் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் தினமும் ஒரு முறை கேட்டார். போனால் மோசமாகுமோ என்று நான் தினமும் ஒரு முறை சொன்னேன். பிறகு இருவரும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

திங்கட்கிழமை பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. அந்த நேரத்தில் அந்தப் பீரோ திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் போன்ற பயத்தை நான் எந்தப் பிரசவத்திலும் பட்டதில்லை.

பதினொன்றுக்குச் சற்று முன் போன் அடித்தது. சம்பந்தியம்மாவின் எண். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. பெண்ணைக் கட்டிக்கொண்டுபோன வீட்டிலிருந்து வேளைகெட்ட வேளையில் வரும் போன் எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தாய்மார்கள் அதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவள் நான். எடுக்கக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

“கரெண்டு போயிடுச்சு சம்பந்தி.” குரல் மிகத் தாழ்ந்திருந்தது, தூங்கும் குழந்தை பக்கத்தில் பேசுவதுபோல. “அந்த மிஷினு எவ்ளோ நேரம் தாங்கும்?”

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

“எழுதறாளா?”

“எழுதிக்கினுதான் கீறா. நெட்டு அவ போன்ல ஓடுது. நேத்து சாயங்காலந்தான் பீரோவத் தொறந்து குடுத்தேன். எவ்ளோ சார்ஜு ஏத்தினாளோ தெரியல. நடுவுல அவளக் கேக்கவும் கூடாதாமே. எவ்ளோ நேரம் தாங்கும், சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. கடையில் அது முழுநேரமும் வயரில்தான் இருந்தது. சூடு பார்த்தேன், சத்தம் கேட்டேன், எடை போட்டேன். அதை மட்டும் கேட்கவில்லை. தெரியாது சம்பந்தி என்றேன்.

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். யாரும் உள்ளே போய்விடக் கூடாதென்று. மகன்கூட உள்ளே போகவில்லை, நான் விடவில்லை என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. என் மூச்சும் அவருக்குக் கேட்டிருக்கும்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை, “எழுதறா” என்பார். நான் “ம்” என்பேன். நடுவில் ஒருமுறை, “வெளிச்சம் கொறஞ்ச மாதிரி கீது” என்றார். பிறகு, இல்லை, சன்னல் பக்கம் மேகம் என்றார். மின்சாரம் வரவே இல்லை.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிடம் கழித்து, அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து வரும் சத்தமும்.

“முடிச்சிட்டா” என்றார் சம்பந்தியம்மா.

நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. பிறகு அதே தாழ்ந்த குரலில், “இனிமே இன்னா ஆவும், சம்பந்தி?” என்று கேட்டார்.

கோமதியை இழந்துவிடுவோமோ என்ற அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து நாளாக என்னிடம் இருந்ததுதான் அது. நானும் போனை வைக்கவில்லை.